இரண்டு கட்சிக்கும் ஒரே கை

எங்கள் நகரமன்றத்தில் மைக் செட் பார்ப்பவன் நான். மேடைக்கு வலப்பக்கம் தூணோடு ஒட்டி ஒரு மேஜை, மேஜைமேல் குமிழ்கள் வைத்த ஒரு பெட்டி, அதற்குப் பின்னால் நான். யார் பேசினாலும் அவர் குரலை ஏற்றியோ இறக்கியோ ஊருக்குக் கொடுப்பது என் பிழைப்பு. நன்றாக வேலை செய்கிற மைக்கை விரலால் தட்டி "ஹலோ, ஹலோ" என்கிற ஜென்மங்களைக் கண்டாலே எனக்குப் பற்றிக்கொண்டு வரும். இவர்கள் பேச்சை வருஷக்கணக்கில் கேட்டுக் காது புளித்துப்போய், ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டுப் பார்க்க ஆரம்பித்தேன். பார்ப்பதற்கு அந்த மேடையில் ஒரே ஒரு ஆள்தான் உண்டு. கையம்மா.

கையம்மா என்பது நாங்கள் வைத்த பெயர். நகரமன்றத்தின் சைகை மொழிபெயர்ப்பாளர் அவள். பேசுகிறவருக்குப் பக்கத்தில் நின்று, அவர் சொல்வதைக் கையாலும் முகத்தாலும் முன்வரிசையில் இருக்கிற காது கேளாதவர்களுக்குச் சொல்வாள். அவர்களில் யாராவது பேச எழுந்தால், அவர் கையைப் பார்த்து இவள் வாயால் சொல்வாள். பூப்போட்ட துணி உடுத்த மாட்டாள், கை எடுபடாது. வளையல், மோதிரம் கிடையாது, பார்க்கிறவர் கண் அங்கே போய்விடும். இந்த வேலைக்கு இரண்டு பேர் நின்று மாற்றி மாற்றிச் செய்ய வேண்டுமாம். "ஒரு வாய் பேசுறதுக்கு எதுக்குய்யா நாலு கை?" என்று கேட்டுவிட்டு எங்கள் தலைவர் ஒருத்தியோடு நிறுத்திக்கொண்டார். கூட்டம் முடிந்தால் இவள் வீட்டுக்குப் போய் மணிக்கட்டை வெந்நீரில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருப்பாள்.

அந்தத் தொழிலில் ஒரு சட்டம். பேசுகிறவர் "நான்" என்றால் இவளும் "நான்" என்றுதான் சொல்ல வேண்டும். "அவர் இப்படிச் சொல்கிறார்" என்ற பேச்சே கிடையாது. மன்றக் கூட்டம் இல்லாத நாட்களில் அவள் போகிற நீதிமன்றத்தில் சைக்கிள் திருடியவனுக்காக இவள் வாய் "நான் எடுக்கலைங்க" என்று சத்தியம் செய்யும். ஆஸ்பத்திரியில் "எனக்கு ரெண்டு நாளா வயித்தால போகுது" என்று கூசாமல் சொல்லும். கூட்டக் கூடாது, குறைக்கக் கூடாது, காரத்தைத் தணிக்கக் கூடாது. எங்கள் உறுப்பினர் ஒருவருக்கு "செவிடன் காதில் ஊதின சங்கு" என்று சொல்லாமல் பேச்சை முடிக்க வராது. மாதாமாதம் இவள் அந்தச் சங்கையும் அந்தச் செவிடனையும் அப்படியே முன்வரிசைக்கு ஊதிக் காட்டுவாள். ஒருநாள் முன்வரிசையிலிருந்து ஒரு பெரியவர் எழுந்து கையால் பதில் சொன்னார். இவள் சட்டப்படி அதை மைக்கில் சொன்னாள்: "எங்க காதுல யாரு ஊதினாலும் எங்களுக்குச் சத்தம் தெரியாதுங்க. ஊதுறவன் வாய் நாத்தம்தான் தெரியும்." மண்டபம் அடங்கக் கொஞ்ச நேரம் ஆனது.

அந்தப் பெரியவர் அவளுடைய அப்பா. தகரப் பட்டறையில் சுத்தியலோடு ஆயுள் முழுக்க நின்றவர். மற்றவர்கள் காதில் பஞ்சை அடைத்துக்கொண்டு முகம் சுளித்த இடத்தில் இவர் ராஜா மாதிரி வேலை பார்த்தார். அவர் மனைவிக்கும் காது கேட்காது. அந்த அம்மா போய்ச் சேர்ந்து பல வருஷம். அந்த வீட்டில் காது கேட்கிற ஒரே ஜீவன் இவள்தான் என்பதால், எழுத்துக்கூட்டிப் படிக்கிற வயதிலேயே குடும்பத்துக்கு வாயாகிவிட்டாள். கடைக்காரன், டாக்டர், மின்சார ஆபீஸ், எல்லாவற்றுக்கும் அப்பா இடுப்பு உயரத்தில் ஒரு மொழிபெயர்ப்பாளர்.

ஒருமுறை வீட்டுச் சொந்தக்காரர் வாசலில் நின்று அப்பாவை வாய்க்கு வந்தபடி ஏசினார். சின்னப்பெண் பயந்துபோய், "சாப்பிட்டாச்சான்னு கேக்குறார்" என்று கையால் சொல்லிவைத்தாள். அப்பா வாயெல்லாம் பல்லாக, அவரை உள்ளே கூப்பிட்டு நாற்காலி எடுத்துப் போட்டார். வீட்டுச் சொந்தக்காரர் அதைத் திமிர் என்று எடுத்துக்கொண்டு அந்த வாரமே காலி செய்யவைத்தார். சாமான் ஏற்றிய வண்டியின்மேல் உட்கார்ந்துகொண்டு அப்பா மகளைக் கேட்டார்: "என்னைத் திட்டினா அது என் சொத்து. அதை எடுத்து ஒளிச்சு வைக்க நீ யாரு?" அதற்கப்புறம் அவள் எதையும் ஒளித்ததில்லை. இதெல்லாம் கூட்ட இடைவேளைகளில் தேநீர் குடிக்கும்போது அவளே எனக்குச் சொன்னது. அந்தத் தேநீர்களில் எனக்கும் கைப்பேச்சு அரைகுறையாக வந்தது. பேச வராது, பார்த்தால் புரியும்.

நகரமன்றத்தின் பின்பக்கம், காது கேளாத வயசானவர்களுக்காக ஒரு பகல் கூடம் இருந்தது. வட்ட மேஜை போட்டிருப்பார்கள், நீள மேஜையில் ஒருவர் கை மற்றவருக்குத் தெரியாது. பளிச்சென்று விளக்குகள். வாசல் மணியை அழுத்தினால் சத்தத்துக்குப் பதில் ஒரு விளக்கு சிமிட்டும். ஒருவரைக் கூப்பிட வேண்டுமானால் பலகைத் தரையில் காலால் ஒரு தட்டு. காலையில் மகள் வேலைக்குக் கிளம்பும்போது அப்பா அங்கே போவார், மாலையில் திரும்புவார். சீட்டாட்டம், ஊர்வம்பு, அதில் ஒரு சண்டை, மறுநாள் சமாதானம். அங்கே வரும் ஏழெட்டுப் பேரை விட்டால் அவரோடு பேச உலகத்தில் மகள் ஒருத்திதான். கூடத்துக்கு விடுமுறை வந்தால் அவள் பாடு திண்டாட்டம். கரண்டியைப் பிடித்தால் அப்பாவுக்குப் பதில் சொல்ல முடியாது, பதில் சொன்னால் அடுப்பில் இருப்பது தீயும். "லீவு நாள்ல எங்க வீட்டுல ஒண்ணு சாப்பாடு, இல்லைன்னா பேச்சுண்ணே. ரெண்டும் சேர்ந்து கிடையாது" என்பாள்.

இப்படி இருக்கையில் நகரமன்றத்துக்குச் செலவு கையைக் கடித்தது. வழி இரண்டே இரண்டு என்றார்கள். பெரிய கிடங்குகளுக்கும் பங்களாக்களுக்கும் புதிதாக ஒரு வரி போடலாம். இல்லையென்றால் இல்லாதப்பட்டவர்களுக்காக நடக்கிற செலவுகள் சிலவற்றை நிறுத்தலாம். நிறுத்துவதில் முதலாவது பகல் கூடம். புது வரி என்றால் குடியிருப்பவர்களைக் கூட்டி, கை தூக்கச் சொல்லி முடிவு செய்ய வேண்டும் என்று விதி. அந்தச் சனிக்கிழமை பிற்பகல் மண்டபம் பிதுங்கியது.

செலவைக் குறைக்க வேண்டும் என்ற கட்சிக்குக் குளிர்கிடங்கு முதலாளி பேசினார். மனிதர் பேச்சில் மன்னன், அதை ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும். மைக்கைத் தட்டவில்லை. "நான் கைவண்டி தள்ளினவன். என் தோள்ல இன்னும் காய்ப்பு இருக்கு, வந்து தொட்டுப் பாருங்க. நான் வரி கட்ட மாட்டேன்னு சொல்லலை. கட்டிக்கிட்டுத்தான் இருக்கேன். பால் குடுக்குற மாட்டைக் கறங்க, யாரு வேணாங்குறா? மடியை அறுத்தா நாளைக்கு எதைக் கறப்பீங்க? ஆத்துக்கு அந்தப் பக்கம் நிலம் சும்மா கிடக்கு. நான் கிடங்கைத் தூக்கிட்டுப் போனா, எங்கிட்ட மூட்டை தூக்குறவன் எங்க போவான்?"

கையம்மா அதைச் சொன்ன விதத்தை நான் என்னவென்று சொல்ல. மாடு வந்து நின்றது. பால் கறந்தது. கத்தி இறங்கியதும் முன்வரிசையில் அவள் அப்பா தன் வயிற்றைப் பிடித்துக்கொண்டார். அவள் தோளிலேயே காய்ப்பு இருப்பது போல ஒரு சாய்வு. அந்தக் கிழவருக்கு வெகுநாளாகவே இந்த முதலாளிமேல் ஒரு மயக்கம். மன்றத்திலேயே நல்ல பேச்சாளி அவர்தான், நேர்மையான முகம் என்பார். அவர் பார்த்த முகம் தன் மகளுடையது என்பது அவருக்குத் தோன்றவே இல்லை.

வரிக் கட்சிக்கு ஒரு நர்ஸம்மா பேசினார். விஷயம் அவரிடம்தான் இருந்தது, சொல்லத் தெரியவில்லை. தாளில் முகத்தைப் புதைத்துக்கொண்டு, யாருக்கோ மருந்துச் சீட்டு வாசிப்பது போல வாசித்தார். "லாரி போறதுக்காகத்தான் அந்தப் பெரிய ரோட்டைப் போட்டோம். அதுக்கு ஒத்தை ரூம்ல இருக்கறவங்களும் சேர்ந்துதான் குடுத்தோம். கிடங்கோட வருமானம் ஏறின அளவுக்கு வரி ஏறலை." இவ்வளவு நல்ல பேச்சு, வாயிலிருந்து மைக்குக்கு வருவதற்குள் செத்துவிட்டது. நான் குமிழைத் திருகித் திருகிப் பார்த்தேன். குரலை ஏற்றலாம், உயிரை எங்கே போய் ஏற்றுவது. கையம்மாவும் அவர் முணுமுணுத்ததை முணுமுணுப்பாகவே சொன்னாள். முன்வரிசையில் அப்பா கொட்டாவி விட்டார்.

எனக்கு வயிற்றெரிச்சல் தாங்கவில்லை. இடைவேளையில் தேநீர்க் கோப்பையோடு அவளிடம் போனேன்.

"ஏம்மா, போற கூடம் உங்க அப்பாவோட கூடம். கிடங்குக்காரர் பேச்சைக் கொஞ்சம் மட்டமா சொன்னா என்ன, குடியா முழுகிடும்?"

"அவர் மைக்கை நீங்க குறைச்சீங்களாண்ணே?"

"அது வேற."

"எப்படி வேற?" என்று கேட்டுவிட்டு அவள் கோப்பையை இரண்டு கையாலும் பிடித்து மணிக்கட்டில் சூடு ஏற்றிக்கொண்டாள்.

அந்தப் பக்கம் நடைவழியில் பகல் கூடத்து ஆட்கள் சண்டை போட்டுக்கொண்டிருந்தார்கள். சத்தமே இல்லாத சண்டை, ஆனால் பக்கத்தில் போனால் மூக்கில் அடி விழும். "கிடங்குக்காரர் சொல்றது நியாயம்தானே. அவர் சம்பாதிச்சுக் கட்டுறார், நாம உக்காந்து சீட்டாடுறோம்" என்று அப்பா சொல்ல, கூடத்தில் அவருக்கு எதிர் நாற்காலிக்காரரான தையல்காரர் அவர் சட்டையைப் பிடித்துவிட்டார். "சொந்தக் காசுல சூனியம் வைக்கிறியே, கிறுக்கா" என்றது அவர் மறு கை. அப்பா சட்டையை விடுவித்துக்கொண்டு மகளிடம் வந்தார். "நீ என்ன சொல்றே?" என்றார்.

"நான் வேலையில இருக்கேன்ப்பா" என்றாள் அவள். வேலையில் இருக்கும்போது சொந்த அபிப்பிராயம் சொல்வதும் அந்தத் தொழிலில் ஆகாது.

கூட்டம் மறுபடி கூடியதும் பேச முதலில் மேடையேறியவர் அப்பாதான். சொந்த ரத்தத்துக்கு மொழிபெயர்க்கக் கூடாது என்றும் அந்தத் தொழிலில் உண்டு. அதற்கு இன்னொரு ஆள் வேண்டுமே. தலைவர் சபையைப் பார்த்து "யாருக்கும் ஆட்சேபம் இல்லையே" என்றார். யாருக்கும் இல்லை. அப்பாவின் கை பேச, மைக்கில் கையம்மா பேசினாள்.

"நான் ஆயுசு பூரா சுத்தியல் பிடிச்சவன். யாருகிட்டயும் கை நீட்டினதில்லை. கிடங்குக்காரர் சொன்னது எனக்குச் சரின்னு படுது. நாங்க நாலு பேர் உக்காந்து வம்பு பேசுறதுக்கு ஊரு எதுக்கு விளக்கு எரிக்கணும்? கூடத்தை மூடிருங்க. எனக்கு மகள் இருக்கா. எனக்கு அவ போதும்."

என் பெட்டியில் குரலின் ஏற்ற இறக்கத்தைக் காட்டும் முள் ஒன்று உண்டு. கடைசி இரண்டு வாக்கியத்திலும் அது கொஞ்சம்கூட ஆடவில்லை. அப்படி ஒரு தொழில்காரி.

மண்டபம் கைதட்டித் தீர்த்தது. தன்மானமுள்ள மனிதர் என்றார்கள். குளிர்கிடங்கு முதலாளி மேடையேறி அவர் கையைப் பிடித்துக்கொண்டு, மைக்கில் சொன்னார்: "ஐயா, உங்க மகள் மாதிரி வீட்டுக்கு ஒருத்தி இருந்தா இந்த ஊருக்கு வரியே வேணாம்யா." மனதாரத்தான் சொன்னார். அதற்கும் கைதட்டல். அடப்பாவிகளா, வரி எங்கே ஒழிந்தது, இவள் தலையில் அல்லவா போடுகிறீர்கள் என்று எனக்கு நாக்கு நுனிவரை வந்தது.

கையம்மா அதையும் அப்பாவுக்குச் சொன்னாள். சொல்லி முடித்தும் அவள் கை இறங்கவில்லை. மைக்கில் யாரும் பேசவில்லை, அவள் கை மட்டும் பேசியது. மைக் போய்விட்டது என்று நினைத்து நாலைந்து பேர் என்னைத் திரும்பி முறைத்தார்கள்.

"அப்பா, நான் போதாது. காலையில ஆஸ்பத்திரி, மத்தியானம் கோர்ட்டு, ராத்திரி வந்தா நீங்க. ஒரு நாள் பேச்சு முழுக்க என் ஒருத்தி கையில. எனக்கு முடியலைப்பா. உங்ககூட சண்டை போட ஆள் வேணும், சீட்டுல ஏமாத்த ஆள் வேணும். அத்தனை பேரா நான் இருக்க முடியாது."

"ஏன் என்கிட்ட சொல்லலை?"

"நீங்க இன்னைக்கு இடைவேளையிலதான் முதல் தடவையா கேட்டீங்க."

அப்பா அவள் மணிக்கட்டைப் பார்த்தார். பிறகு சபையின் பக்கம் திரும்பி வேகமாகக் கையசைத்தார். அவள் மைக்கில் சொன்னாள்: "நான் சொன்னது தப்பு. கூடத்தை மூடாதீங்க. என் மகளால முடியலை. எனக்கும் அவ ஒருத்தி போதாது."

சபையில் சலசலப்பு. குளிர்கிடங்கு முதலாளி கையைத் தூக்கி நிறுத்தினார். "இரும்மா. கோவிச்சுக்காதே. இது அவர் சொல்றதா, நீ சொல்றதா?"

கேட்கக்கூடாத கேள்வி என்று சொல்ல முடியாது. இத்தனை வருஷத்தில் அவளை யாரும் அப்படிக் கேட்டதில்லை, அவ்வளவுதான். எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து, "அவர்தான் சொன்னாரு. நான் பார்த்தேன்" என்றேன். "நீ மைக்கைப் பாருய்யா" என்றார் தலைவர். பகல் கூடத்து ஆட்கள் எழுந்து கையால் என்னென்னவோ சொன்னார்கள். அதையும் அவள்தானே சொல்ல வேண்டும்? அவள் வாயைத் திறக்கவில்லை. அப்பாவிடம் திரும்பி, கேட்டதை அப்படியே சொன்னாள்: "இது நீங்க சொல்றதா, நான் சொல்றதான்னு கேக்குறாங்க."

அவருக்குக் குரல் உண்டு. பிள்ளைப் பிராயத்தில் தெருப்பையன்கள் அதைக் கேட்டுச் சிரித்ததிலிருந்து வெளியே விட்டதில்லை. மகளே அதை அவர் தும்மும்போதும் சிரிக்கும்போதும்தான் கேட்டிருக்கிறாள். அவர் மைக்கை அதன் தண்டிலிருந்து பிடுங்கி, வாயோடு வைத்துக்கொண்டார்.

"எ… என்… பேச்சு. நான். கூடம்… மூடாதே."

ஓரங்கள் இல்லாத, நடுவில் கரகரத்து மேலே கீறிக்கொண்டு போகிற குரல். ஒலிபெருக்கிகள் வீறிட்டன. பின்வரிசையில் ஒரு குழந்தை அழுதது, யாரோ இரண்டு பேர் சிரித்தார்கள். என் கை பழக்கத்தில் குமிழுக்குப் போனது. சத்தத்தைக் குறைக்காமல் கையை எடுத்துக்கொண்டேன். அவர் இன்னொரு தடவையும் சொன்னார். "மூடாதே." அது கடைசி நாற்காலி வரைக்கும் போனது, அதற்கு நான் பொறுப்பு.

தலைவர் தொண்டையைச் செருமிக்கொண்டு வாக்கெடுப்புக்குப் போனார். வரி வேண்டும் என்பவர்கள் கை தூக்கலாம் என்றார். கையம்மா அதை முன்வரிசைக்குச் சொன்னாள். முன்வரிசை முழுக்கத் தூக்கியது, அப்பா இரண்டு கையையும் தூக்கினார். நர்ஸம்மாவும் அவரோடு வந்தவர்களும் தூக்கினார்கள். நானும் தூக்கினேன். அது ஒன்றும் தியாகம் இல்லை, என்னிடம் வரி போட என்ன இருக்கிறது. அவளும் இந்த ஊர்க்காரிதான், அவளுக்கும் ஒரு கை உண்டு. ஆனால் தலைவர் ஒவ்வொரு வரிசையாக எண்ணிச் சொல்லச் சொல்ல, அதைச் சொல்வதிலேயே அவள் இரண்டு கையும் போய்விட்டன.

பிறகு செலவைக் குறைக்க வேண்டும் என்பவர்கள். மண்டபத்தில் முக்கால்வாசிப் பேரின் கை எழுந்தது. கிடங்கில் மூட்டை தூக்குகிறவர்கள், முதலாளியின் கட்டடங்களில் வாடகைக்குக் கடை வைத்திருப்பவர்கள், ஒரு சைக்கிளுக்குக்கூட வழியில்லாமல் என்றைக்காவது கிடங்கு கட்டுவோம் என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள். சற்றுமுன் கண்ணைத் துடைத்துக்கொண்ட ஒரு அம்மா, துடைத்த கைக்குட்டையோடு கையைத் தூக்கினார். பகல் கூடம் அடுத்த மாதத்தோடு மூடப்படும் என்று தலைவர் அறிவித்தார். கையம்மா அதை முன்வரிசைக்குச் சொன்னாள். சுருக்கவும் இல்லை, நீட்டவும் இல்லை.

நான் கம்பிகளைச் சுருட்டிக்கொண்டிருந்தேன். அப்பாவும் மகளும் நடைவழியில் நின்றார்கள். கூட்டம் அவர்களைத் தாண்டிப் போனது, சிலர் அவர் தோளைத் தட்டிவிட்டுப் போனார்கள்.

"என் குரல் புரியலையா?" என்று கேட்டார் அப்பா.

"புரிஞ்சுதுப்பா. எல்லாருக்கும் நல்லாப் புரிஞ்சுது."

"பொய் சொல்லாதே. புரிஞ்சிருந்தா தூக்கியிருப்பாங்க."

"புரிஞ்சும்தான் தூக்கலை" என்றாள் அவள்.

அவர் அவளைத் திரும்பச் சொல்லச் சொன்னார். அவள் திரும்பச் சொன்னாள்.